மக்கள்தொகையை நிரப்ப வெளிநாட்டவரைச் சேர்த்தால் தேசிய அடையாளம் கரைந்துவிடுமா?

சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன். பிறந்தது பட்டுக்கோட்டைப் பக்கம் என்றாலும் பத்தொன்பது வருடமாக இருப்பது இங்கேதான். இன்னும் கையில் நீல ஐசி (அடையாள அட்டை)தான், அதாவது நிரந்தரவாசி, குடிமகன் இல்லை.

இதே நாடுதான் எழுபதுகளில் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்று ஊரெல்லாம் பிரசாரம் செய்தது. அதற்கு மேல் பெற்றால் பிரசவக் கட்டணம் ஏறும், பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை போகும். 1987-ல் அப்படியே திரும்பி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்றது. பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை. ஆனாலும் 2000-ல் சுமார் 40 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2024-ல் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் குடிமக்கள் 36 லட்சம் பேர்தான். மீதியில் நானும் ஒருவன்.

2013 ஜனவரியில் வந்த அரசின் மக்கள்தொகை வெள்ளை அறிக்கை, 2030-ல் 69 லட்சம் வரை போகலாம் என்று சொன்னதும் அதை எதிர்த்து ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். இந்த ஊரில் அப்படிக் கூட்டம் கூடுவது அபூர்வம். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நெரிசலும் வீட்டு விலையும். எல்லாவற்றையும் 'அடையாளப் பிரச்சினை' என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அடையாளம் உரசும் இடம் வேறு. இங்கே எல்லோருக்கும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு பெட்டிகள். அந்த விகிதம் பெரிதாக மாறக்கூடாது என்பது கொள்கை. பெட்டியில் ஆள் குறைந்தால் அதே பெட்டிக்கு வெளியிலிருந்து ஆள். காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் 2011-ல் ஒரு செய்தி வந்தது: சீனாவிலிருந்து குடியேறிய குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியர் வீட்டுக் கறி, அதாவது குழம்பு வாசனை பிடிக்கவில்லை, அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் மட்டும் கறி சமைப்பதென்று சமரசம் ஆனதாம். ஊருக்குக் கோபம் வந்து, ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, 'கறி சமைக்கும் நாள்' என்று அறிவித்து அடுப்பு பற்றவைத்தார்கள். அதில் இந்த ஊர்ச் சீனர்களும் இருந்தார்கள். ஒரே பெட்டிக்காரரை விட அடுத்த வீட்டுக் கறிதான் அவர்களுக்கு நெருக்கம்.

எங்கள் பெட்டியிலும் அதே கதைதான். புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் தினமும் உட்காரும் பெரியவர் ஒருவர், இங்கேயே பிறந்த தமிழர். அவர் மகன் எங்கள் புளோக்கில் வீடு வாங்கப் பார்த்தார், இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் இனவாரி உச்சவரம்பு உண்டு. "நீங்கள்லாம் வந்து எங்க கோட்டாவை ரொப்பிட்டீங்க தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான். அந்த 'எங்க'-வில் நான் இல்லை.

கணக்கும் அவர் பக்கம் பேசுகிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த குடியிருப்பாளர்களில் இந்தியர் பங்கு 2000-ல் 7.9 சதவீதம், 2010-ல் 9.2. ஆனால் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2000-ல் 42.9 சதவீதமாக இருந்து 2020-ல் 27.9 ஆகிவிட்டார்கள். ஆங்கிலம் முன்னேறியது ஒரு காரணம், வட இந்தியர் வரவு இன்னொன்று.

அதனால் கரையுமா என்றால், கரையாது என்றுதான் சொல்வேன். புதிதாக வந்தவன் உள்ளே சேர ஒரு தலைமுறை ஆகிறது, அவ்வளவுதான். என் மகன் போன வருடம் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போனான். பெற்றோரோடு நிரந்தரவாசியான ஆண்பிள்ளைக்கும் அது கட்டாயம். பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் படகில் கொண்டுபோய் விட்டு, அங்கேயே சாப்பாட்டுக் கூடத்தில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். முதல் விடுமுறைக்கு மொட்டைத் தலையோடு வந்தவனைக் காப்பிக்கடையில் பார்த்ததும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எந்த கம்பெனி? சார்ஜன்ட் எப்படி?" அரை மணி நேரம் இருவரும் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. மூன்று கோப்பிக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.