கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்: இந்த தடவை வந்த கேள்விகள்

கம்யூனிட்டி காலேஜ்னா முதல் ரெண்டு வருஷ படிப்புக்கான கவர்ன்மென்ட் காலேஜ், அத பத்தி போன தடவைய விட நிறைய லெட்டர் வந்திருக்கு. யூனிட்னா ஒரு கிளாஸோட கிரெடிட் அளவு, டிரான்ஸ்ஃபர்னா இங்க படிச்சுட்டு யுனிவர்சிட்டிக்கு மாறுறது, ரெசிடென்சின்னா ஃபீஸ் கணக்குல கலிஃபோர்னியாக்காரங்களா ஆகுறது, இத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. கேக்கும்போது எந்த காலேஜ், என்ன விசா, என்ன மேஜர் (டிகிரியோட முக்கிய பாடம்) மூணையும் எழுதுங்கப்பா, வந்ததுல பாதி லெட்டர்ல மூணுமே இல்ல, அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

கேள்வி: ஸ்டேட் முழுக்க ஒரே கவர்ன்மென்ட் காலேஜ் தானே, ஒண்ணுல அப்ளை பண்ணா எங்க வேணா கிளாஸ் எடுத்துக்கலாமா? (சான் ரமோன்)

பதில்: இல்ல. சிஸ்டம் ஒண்ணு, காலேஜ் 116, அதை நடத்துற டிஸ்ட்ரிக்ட் 73. சாக்ரமெண்டோல சான்சலர் ஆபீஸ் இருக்கு, கவர்னர் நியமிக்கிற போர்டு ஒண்ணு இருக்கு, அவங்க பொது விதி போடுவாங்க, யூனிட் கட்டணம் ஸ்டேட் சட்டத்துல இருக்கு. ஆனா எந்த கிளாஸ் எத்தனை செக்‌ஷன், ரெஜிஸ்ட்ரேஷன் என்னிக்கு, வெளிமாநிலத்து ஆளுக்கு ஃபீஸ் எவ்ளோ, இதெல்லாம் பெரும்பாலும் நீங்களே ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிற டிஸ்ட்ரிக்ட் போர்டு கையில தான் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட்ல மட்டும் 9 காலேஜ், சில டிஸ்ட்ரிக்ட்ல ஒண்ணே ஒண்ணு. அப்ளிகேஷன் போடுற சைட் பொதுவானது தான், அக்கவுண்ட் ஒண்ணு போதும், ஆனா வேற டிஸ்ட்ரிக்ட் காலேஜ்னா தனியா அப்ளை பண்ணணும். அதனால தான் ஃப்ரெண்டு காலேஜ்ல இப்படி சொன்னாங்கன்னு என்கிட்ட வராதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அவங்க டிஸ்ட்ரிக்ட் வேற உங்க டிஸ்ட்ரிக்ட் வேற.

கேள்வி: ஒரு வருஷத்துக்கு எவ்ளோ ஆகும்?

பதில்: விசா என்னன்னே எழுதாம இதை எப்படி கேக்குறீங்க? கலிஃபோர்னியா ரெசிடென்ட்னா செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், 2012ல இருந்து அதே தான், வருஷத்துக்கு 30 யூனிட் எடுத்தா 1,400 டாலருக்குள்ள முடியும். அதே ஒரு வருஷம் கால்ஸ்டேட்ல (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) 6,000 தாண்டும், யூசில (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) 14,000 தாண்டும். வருமானம் குறைவுன்னா பிராமிஸ் கிராண்ட் போடுங்க, அந்த 46ம் போயிடும், ஆனா புக்ஸ், பார்க்கிங், ஹெல்த் ஃபீ எல்லாம் தனி. எஃப்-1 ஸ்டூடண்ட் விசால வர்ற பிள்ளைன்னா கணக்கே வேற, யூனிட்டுக்கு ஏறக்குறைய 400 டாலர்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு பத்தாயிரம் தாண்டிடும். எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவங்க குடும்பத்துக்கான விசா) வீட்டு பிள்ளைங்க இங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்து, இங்க தான் குடியிருக்கோம்னு காட்ட டாக்ஸ், லைசென்ஸ் மாதிரி பேப்பர் வெச்சிருந்தா ரெசிடென்ட் ஃபீஸ்லயே படிக்கலாம், இது தெரியாம அதிகமா கட்டினவங்கள நானே பாத்திருக்கேன்.

கேள்வி: விசிட்டர் விசால ஆறு மாசம் வந்திருக்கிற மாமியார் ஒரு செமஸ்டர் கிரெடிட் கிளாஸ் எடுக்கலாமா?

பதில்: கூடாது. பி-2ல வந்து டிகிரிக்கு கணக்காகுற கிளாஸ்ல சேர்ந்தா அவங்க விசாவுக்கே ஆபத்து.

கேள்வி: பையன் டிஆன்சா காலேஜ்ல இன்ஜினியரிங் பிரிபரேஷன் பண்றான். ரெண்டாவது கால்குலஸ் கிளாஸ் ஃபுல், வெயிட்லிஸ்ட். பக்கத்துல மிஷன் காலேஜ்ல சீட் இருக்கு, அங்க எடுத்துட்டு திரும்பி வந்துக்கலாம், யூனிட் எல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகும்னு வாட்ஸாப் குரூப்ல சொல்றாங்க. சரிதானே?

பதில்: சரியில்ல. இதை நான் எத்தனை வருஷமா சொல்றேன்னு எனக்கே கணக்கில்ல. டிஆன்சா குவார்ட்டர் காலேஜ், அதாவது செமஸ்டர விட சின்ன சின்ன டெர்மா நடக்கும், அங்க கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டின்னு நாலு துண்டு. மிஷன் செமஸ்டர் காலேஜ், அதே பாடம் அங்க மூணு துண்டு. நாலா வெட்டினதுல ஒண்ணு முடிச்சுட்டு மூணா வெட்டினதுல ரெண்டாவதுக்கு போனா நடுவுல கொஞ்சம் பாடம் விட்டுப்போகும், இன்டெக்ரேஷன் ஆரம்பமே பாக்காத பிள்ளை இன்டெக்ரேஷன் டெக்னிக் கிளாஸ்ல போய் உக்காரும், திரும்பி வந்தா படிச்சதையே திரும்ப படிக்கும். அது கூட பரவாயில்ல, முழு சீரிஸையும் ஒரே காலேஜ்ல முடிக்கணும்னு யுனிவர்சிட்டி கேட்டா அங்க தான் பெரிய சிக்கல்.

இன்னொண்ணு, யூனிட் டிரான்ஸ்ஃபர் ஆகுறதும் மேஜருக்கு கணக்காகுறதும் ஒண்ணு இல்ல. ஒண்ணே இல்ல. டிஆன்சாவுல ஃபிசிக்ஸ் 2ஏவும் டிரான்ஸ்ஃபர் ஆகும், 4ஏவும் டிரான்ஸ்ஃபர் ஆகும், ஆனா 2ஏ கால்குலஸ் இல்லாத ஃபிசிக்ஸ், இன்ஜினியரிங்ல அதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. என்கிட்ட ஒரு பையன் வந்தான், ஏறக்குறைய 70 யூனிட் முடிச்சிருந்தான், எல்லாமே டிரான்ஸ்ஃபர் ஆகுற கிளாஸ், மார்க்கும் நல்ல மார்க், ஆனா அவன் கேட்ட மேஜருக்கு வேண்டிய ஃபிசிக்ஸும் இல்ல டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் இல்ல. எந்த கிளாஸ் ஈஸின்னு யாரோ சொன்னதை கேட்டு கேட்டு எடுத்திருக்கான். இன்னும் ஒரு வருஷம் உக்காந்தான். அவங்க அம்மா என் எதிர்ல அழுதாங்க, அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, ஏன்னா இது பத்து நிமிஷத்துல தடுத்திருக்கக்கூடிய விஷயம். அசிஸ்ட் டாட் ஆர்க் போங்க, உங்க காலேஜ், போகப்போற யுனிவர்சிட்டி, மேஜர் மூணையும் போடுங்க, எந்த கிளாஸ் எதுக்கு ஈடுன்னு பக்கத்துல பக்கத்துல வரும். அதை பிரிண்ட் எடுத்துக்கிட்டு கவுன்சிலர பாருங்க, எஜுகேஷன் பிளான எழுத்துல வாங்குங்க. வாய்ல சொன்னது போதாது. இப்போ இங்கிலீஷ் சி1000 மாதிரி எல்லா காலேஜுக்கும் ஒரே கோர்ஸ் நம்பர் வர ஆரம்பிச்சிருக்கு, நல்ல விஷயம் தான், ஆனா எல்லா கிளாஸுக்கும் இன்னும் வரல, அதனால அசிஸ்ட் பாக்குறத விடாதீங்க. உங்க பையன் விஷயத்துல, வெயிட்லிஸ்ட்லயே இருக்கட்டும், முதல் நாள் கிளாஸுக்கு போகட்டும், முதல் வாரத்துல நிறைய பேர் டிராப் பண்ணுவாங்க.

கேள்வி: டேக் போட்டா பெர்க்லி கன்ஃபர்ம் தானே?

பதில்: டேக்னா கண்டிஷன் எல்லாம் முடிச்சா யூசில இடம் உறுதின்னு தர்ற டிரான்ஸ்ஃபர் கியாரண்டி. யூசி கேம்பஸ்ல பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூணுக்கும் டேக் கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆறுக்கு தான், அதுலயும் ஒரே ஒரு கேம்பஸுக்கு தான் போடலாம், செப்டம்பர்குள்ள. அங்கயும் சில மேஜருக்கு டேக் இல்ல, முதல்ல அத பாருங்க.

கேள்வி: ஏடிடி (டிரான்ஸ்ஃபருக்குன்னே இருக்கிற ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி) முடிச்சா சான் ஹோசே ஸ்டேட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கியாரண்டின்னு சொன்னாங்க.

பதில்: யார் சொன்னாங்க? 2010 சட்டம் கால்ஸ்டேட் சிஸ்டத்துல ஒரு இடம் தர்றதா தான் சொல்லுது, நீங்க கேக்குற கேம்பஸ்ல கேக்குற மேஜர்னு சொல்லல. போட்டி அதிகம் இருக்கிற இடத்துக்கு கூடவே ரெண்டு மூணு கேம்பஸ் போட்டு வைங்க.

கேள்வி: பொண்ணு பத்தாவது கிரேடு, ஃப்ரீமாண்ட். ஓலோனி காலேஜ்ல டூயல் என்ரோல்மென்ட்ல (ஹைஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் கிளாஸ்) மூணு கிளாஸ் எடுக்க வெக்கலாமா? ஃப்ரீ தானே.

பதில்: ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் யூனிட் ஃபீஸ் இல்ல தான், ஆனா டிரான்ஸ்கிரிப்ட் (காலேஜ் மார்க் பதிவு) இருக்கே. அந்த மார்க் அவ வாழ்க்கை முழுக்க கூட வரும், பதினஞ்சு வயசுல வாங்கின எஃப்ப இருபத்தஞ்சுல கிராட் ஸ்கூல் கேக்கும். ஒரு கிளாஸ்ல ஆரம்பிங்க, அவளுக்கு பிடிச்ச கிளாஸா. கஷ்டமா இருந்தா டபிள்யூ (நடுவுல விட்டுட்டாங்கன்னு டிரான்ஸ்கிரிப்ட்ல வர்ற குறி) வர்றதுக்கு முன்னாடி இருக்கிற டெட்லைனுக்குள்ள டிராப் பண்ணுங்க. டபிள்யூவும் ஒரு அட்டெம்ப்ட் கணக்கு தான், ஒரே கிளாஸுக்கு பொதுவா மூணு அட்டெம்ப்ட்டுக்கு மேல விட மாட்டாங்க.

கேள்வி: பையனுக்கு யூசி கிடைக்கல, கம்யூனிட்டி காலேஜ் போறான். ஊர்ல சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.

பதில்: காலேஜ் பேர சொல்லுங்க. 1960 மாஸ்டர் பிளான்லயே இந்த ஸ்டேட் அப்படி தான் கட்டினாங்க, ஹைஸ்கூல் முடிக்கிறவங்கள்ல மேல இருக்கிற எட்டுல ஒரு பங்கு யூசிக்கு, மூணுல ஒரு பங்கு கால்ஸ்டேட்டுக்கு, கம்யூனிட்டி காலேஜ் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கணும், ரெண்டு வருஷம் கழிச்சு மேல ஏற வழியும் இருக்கணும்னு. கால்ஸ்டேட்ல டிகிரி வாங்குறவங்கள்ல ஏறக்குறைய பாதி பேர் இங்க இருந்து போனவங்க. உங்க பையன் யூசிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி முடிச்சா டிகிரி சர்டிஃபிகேட்ல யூசி பேர் மட்டும் தான் இருக்கும். பையன் எதிர்ல அவமானம்னு பேசாதீங்க, அந்த ஒரு வார்த்தையால முதல் செமஸ்டர்லயே மனசு விட்டுப்போன பிள்ளைங்க இருக்காங்க.

கேள்வி: பொண்ணு எச்-4ல இருக்கா, அடுத்த வருஷம் 21 ஆகுது, ரெண்டாவது வருஷம் படிக்கிறா.

பதில்: 21 ஆனா எச்-4 செல்லாது, அதனால இப்பவே லாயர பாருங்க, பர்த்டே வரைக்கும் காத்திருக்காதீங்க. எஃப்-1க்கு மாறினா ஃபீஸ் நான்-ரெசிடென்ட் ஆகலாம், டெர்முக்கு 12 யூனிட் கட்டாயம், அதுல ஆன்லைன் ஒரு கிளாஸ் தான் கணக்கு. அட்மிஷன்ஸ்ல கேட்டு பதில எழுத்துல வாங்குங்க.

கேள்வி: அசோசியேட் டிகிரிக்கு ஓபிடி (எஃப்-1 பிள்ளைங்க படிச்சதுக்கு அப்புறம் வேலை செய்ய அனுமதி) உண்டா?

பதில்: 12 மாசம் உண்டு. ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் (சயின்ஸ், இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு தர்ற கூடுதல் காலம்) கிடையாது, அதுக்கு பேச்சிலர் வேணும்.

கேள்வி: எனக்கு 44 வயசு, கிரீன் கார்டு, லேஆஃப் ஆயிட்டேன். இந்த வயசுல போலாமா? (டப்ளின்)

பதில்: வாங்க. பதினெட்டு வயசுல இருந்து அறுபது வரைக்கும் ஒரே கிளாஸ்ல உக்காந்திருப்பாங்க, உங்கள யாரும் விசித்திரமா பாக்க மாட்டாங்க. உங்களுக்கு பக்கத்துல லிவர்மோர்ல லாஸ் பொசிடாஸ் இருக்கு, ஹேவர்டுல சாபோ, ரெண்டும் ஒரே டிஸ்ட்ரிக்ட். டிகிரி வேண்டாம்னா சர்டிஃபிகேட் பாருங்க, டிகிரிக்கு கணக்காகாத நான்-கிரெடிட் கிளாஸ்னா ஃபீஸே இல்ல. வேலை போனவங்களுக்கு வருமானம் குறைஞ்சிருந்தா பிராமிஸ் கிராண்ட் வரும், வயசு வரம்பு இல்ல. ஃபைனான்ஷியல் எயிட் ஆபீஸ்ல போய் நேர்ல கேளுங்க, போன்ல வேண்டாம், உங்க லேஆஃப் லெட்டரையும் போன வருஷ டாக்ஸ் ரிட்டர்னையும் கையில எடுத்துட்டு போங்க.