வண்டி கேள்வி-பதில்: கண் ரோட்டில் இருக்க, கை எதைத் தேடுகிறது?

கேள்வி: 2011-ல் வாங்கிய காரைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் முன்பு புது கார் எடுத்தோம். மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரியில் உள்ள பள்ளிக்குத் தினமும் நானே ஓட்டிப் போகிறேன். போன மழையில் கிருமாம்பாக்கம் தாண்டும்போது முன் கண்ணாடி திடீரென்று வெள்ளையாக மூடிக்கொண்டது. பழைய வண்டியாக இருந்தால் கை தானாகப் போய்த் திருகியிருக்கும். இதில் ஏசி முழுக்க டச் ஸ்கிரீனுக்குள் இருக்கிறது. தேடிக் கண்டுபிடித்து நிமிர்வதற்குள் முன்னால் போன மொபெட்காரர் மீது இடிக்கப் பார்த்தேன், மயிரிழையில் தப்பினார். 19 வருடமாக ஓட்டுகிறேன், இப்படி ஆனதே இல்லை. எனக்கு வயதாகிவிட்டதா?
— ஓர் ஆசிரியை, கடலூர்

பதில்: டீச்சர், முதலில் வயதைப் பற்றிய கவலையை விடுங்கள். இதே புகாரை முப்பது வயதுக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பழைய வண்டியில் ஏசி குமிழ் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கைக்குத் தெரியும், கண்ணைக் கேட்கவே வேண்டாம். விளிம்பைத் தொட்டதுமே இது காற்று, அடுத்தது குளிர் என்று விரல் பிரித்துவிடும், ஒவ்வொரு படியாகத் திரும்பும்போது டிக் டிக்கென்று கை உணரும். ஸ்கிரீனிலோ எல்லா இடமும் ஒரே வழவழப்பு. எங்கே தொட வேண்டும் என்று கண் காட்டினால்தான் விரல் போகும், தொட்ட பிறகு வேலை நடந்ததா என்று பார்க்கவும் கண்தான் வேண்டும், நடுவில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் விரல் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும், அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. நான்கு நொடி ஸ்கிரீனைப் பார்த்தீர்கள் என்றால் 67 மீட்டர் தூரம் முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள். கடலூர் - புதுச்சேரி ரோட்டில் 67 மீட்டருக்குள் என்னென்ன குறுக்கே வரும் என்பது தினமும் போய் வரும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஸ்வீடனில் வி பிலேகாரே என்று ஒரு கார் பத்திரிகை இருக்கிறது. 2022-ல் அவர்கள் 11 புது கார்களையும் 2005-ம் வருடத்து வால்வோ வி70 ஒன்றையும் பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடியே சின்னச் சின்ன வேலைகளைச் செய்யச் சொன்னார்கள்: சீட் சூட்டைப் போடுவது, வெப்பத்தை இரண்டு டிகிரி கூட்டுவது, ரேடியோவில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது, டேஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது, இந்த மாதிரி. ஓட்டியவர்கள் அந்தந்த வண்டியை முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பட்டன் மட்டுமே இருந்த 17 வருடப் பழைய வால்வோவில் எல்லா வேலையும் 10 நொடியில் முடிந்தது, அதற்குள் வண்டி ஓடியது 306 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே வேலைக்கு 44.9 நொடி ஆனது, 1,372 மீட்டர் ஓடியிருந்தது. இதைப் படித்த பிறகும் தப்பு உங்கள் மீது என்று நினைப்பீர்களா?

சரி, மறுபடி மழை வருமே, என்ன செய்வது? கண்ணாடி மூடுவதில் இரண்டு வகை உண்டு, நம் கடற்கரைப் பக்கத்தில் இரண்டுமே வரும், இதைப் பிரித்துத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதற்றம் போய்விடும். வைப்பரை ஒரு தடவை போடுங்கள். துடைத்துக்கொண்டு போனால் ஈரம் வெளியே இருக்கிறது. ஏசி கண்ணாடியை அதிகமாகக் குளிர வைத்துவிட்டதால் வெளியே உள்ள புழுக்கக் காற்று அதன் மேல் நீராகப் படிகிறது, ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பது மாதிரி. அதற்குக் குளிரைக் குறைக்க வேண்டும், கண்ணாடிப் பக்கம் போகும் காற்றை முகத்துக்குத் திருப்ப வேண்டும். வைப்பர் போட்டும் போகவில்லை என்றால் ஈரம் உள்ளே இருக்கிறது. நம் மூச்சும் நனைந்த குடையும் ஈரச் செருப்பும் செய்கிற வேலை அது. மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கும். அதற்கு ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றே சுற்றுகிற பட்டனை அணைத்துவிட்டு வெளிக்காற்றை விட வேண்டும். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும். குளிருகிறது என்று மழையில் ஏசியை நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கண்ணாடி மூடுகிறது.

இதையெல்லாம் வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். முன் கண்ணாடிக்கென்று பல வண்டிகளில் ஒரே ஒரு தனி பட்டன் விட்டுவைத்திருப்பார்கள், விசிறி போல வளைந்த கோடுகள் போட்டிருக்கும், உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் புத்தகத்தைப் பார்த்து, ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டன் எதையாவது அந்த வேலைக்கு மாற்ற முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். எதுவும் இல்லாமல் நடுரோட்டில் மூடிக்கொண்டால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் நிறுத்திவிட்டுத்தான் ஸ்கிரீனைத் தொட வேண்டும். பள்ளிக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

கேள்வி: போனில் பட்டன் போய் டச் வந்தபோதும் பெரியவர்கள் இப்படித்தான் புலம்பினார்கள். இப்போது எல்லாரும் டச் போன்தானே வைத்திருக்கிறார்கள்? கார் மட்டும் ஏன் முன்னேறக் கூடாது?
— கல்லூரி மாணவர், லாசுப்பேட்டை

பதில்: நியாயமான கேள்வி, தம்பி. போனைப் பார்ப்பதுதான் அங்கே வேலை; கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்க்கிறோம். காரில் பார்க்க வேண்டியது ரோடு, மற்றதெல்லாம் பார்க்காமலேயே நடக்க வேண்டும். பழைய அம்பாசடரில் ஹெட்லைட்டை டிம் செய்கிற சுவிட்ச் தரையில் இருக்கும், இடது காலால் அமுக்குவோம், கண்ணும் வேண்டாம் கையும் வேண்டாம். அதை வடிவமைத்தவருக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

2017 ஆகஸ்ட் 21-ம் தேதி விடியற்காலையில் சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் என்கிற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்துபோனார்கள். சுக்கானும் வேகமும் டச் ஸ்கிரீன் வழியாக இயங்கிய கப்பல் அது. எந்தத் திரையில் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்று குழம்பி, சுக்கானே போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். விசாரணை அறிக்கைகள் வந்த பிறகு 2019-ல் அமெரிக்கக் கடற்படை வேகத்துக்குக் கையால் தள்ளும் லீவரையே திரும்ப வைப்பதாக அறிவித்தது. பணமோ தொழில்நுட்பமோ இல்லாதவர்கள் எடுத்த முடிவா அது?

கார் கம்பெனிகளும் திரும்பிக்கொண்டிருக்கின்றன. பாட்டுச் சத்தம், இரண்டு பக்கத்து வெப்பம், ஃபேன், ஹசார்ட் லைட் (எல்லா இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) ஆகியவற்றுக்கு இனி வரும் கார்களில் பட்டன் இருக்கும் என்று 2025-ல் ஃபோக்ஸ்வேகன் வடிவமைப்புத் தலைவர் சொன்னார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு என்ற ஐந்துக்கும் தனி பட்டனோ லீவரோ இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. நம் பாரத் என்கேப் 2023-ல்தான் தொடங்கியது, அது முக்கியமாக மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கிறது. இந்த ஐந்தையும் இங்கேயும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை, வாசகர்கள் எல்லாரும் கேட்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சிக்கல் என்றால் கம்பெனிகள் ஏன் இதைச் செய்கின்றன?
— வாசகர், வில்லியனூர்

பதில்: ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் அச்சு, ஒரு வயர், ஒரு சோதனை, அதை மாட்ட ஓர் ஆள். ஒரே ஸ்கிரீனில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் செலவு குறைகிறது, பிறகு சாஃப்ட்வேர் வழியாக மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் புது கார்களில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் என்று வந்ததில் எப்படியும் ஒரு ஸ்கிரீன் வேண்டியதாகிவிட்டது. ஷோரூமில் பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, அதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம், இது நேற்று வந்தது இல்லை. 1986-லேயே ப்யூயிக் ரிவியரா காரில் டச் ஸ்கிரீன் வைத்தார்கள்.

கேள்வி: போனைக் கையில் பிடித்தால் போலீஸ் அபராதம் போடுகிறது. ஸ்கிரீனை நோண்டினால்?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதைப் பெயர் சொல்லியே ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. வண்டியோடு பொருத்திய ஸ்கிரீனை அப்படிப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தை மாற்ற டெஸ்லா ஸ்கிரீனைத் தொட்டுக்கொண்டே போய் ரோட்டை விட்டு இறங்கி மரங்களில் மோதிவிட்டார். அவருக்கு 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2020-ல் அது சரி என்று சொன்னது.

சட்டத்தை விடுங்கள், உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிரிட்டனில் 2020-ல் வெளியான ஒரு சிமுலேட்டர் ஆய்வில், போனில் இருப்பதைக் கார் ஸ்கிரீனில் காட்டுகிற ஆப்பிள் கார்ப்ளேயை விரலால் தொட்டு இயக்கியவர்கள் எதிர்வினை காட்ட 57 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள், அதே மாதிரியான ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம். சட்ட வரம்பு வரை குடித்திருப்பவருக்கு இது 12 சதவீதம்தான். குடித்தவன் வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்கிற நாம், பாட்டு மாற்றுகிறவனை எதுவும் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், தனியாகப் போனால் கிளம்பும் முன்பே வழியையும் பாட்டையும் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: பழைய காரில் ஏசி குமிழ்களை எடுத்துவிட்டுப் பெரிய ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?
— வாசகர், அரியாங்குப்பம்

பதில்: வேண்டாம். ரிவர்ஸ் கேமரா வேண்டுமானால் குமிழ்களைத் தொடாத சின்ன ஸ்கிரீன் போதும்.

கேள்வி: அடுத்த மாதம் கார் வாங்கப் போகிறோம். டெஸ்ட் டிரைவில் இதை எப்படிப் பார்ப்பது?
— ஓர் இல்லத்தரசி, பண்ருட்டி

பதில்: வாங்கும் முன் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கே நன்றி அம்மா. வண்டி நிற்கும்போது ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைப்பரைப் போடுங்கள், ஹசார்ட் லைட்டைப் போடுங்கள், முன் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள், ஃபேனைக் குறையுங்கள், பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். எத்தனைக்குக் கண் திறக்க வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். விற்பனையாளர் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார், ஸ்வீடன்காரர்கள் பழகிவிட்டுத்தான் ஓட்டினார்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய் விரலை நனைத்துக்கொண்டு ஸ்கிரீனைத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் வியர்வையிலும் மழை ஈரத்திலும் பல ஸ்கிரீன்கள் தொட்டது ஒன்று, எடுத்துக்கொள்வது ஒன்று என்று தடுமாறும். இரவில் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடிகிறது என்றும் பாருங்கள். ஒருமுறை உறவினரின் புது வண்டியில் இரவில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் போனபோது ஸ்கிரீன் வெளிச்சத்தில் எதிரே நடந்து வந்தவர்கள் எனக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தார்கள், குறைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க நோணாங்குப்பத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. டெஸ்ட் டிரைவைக் காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். மதியம் ஒரு மணிக்குக் கேளுங்கள், உச்சி வெயில் விழும்போது அந்த ஸ்கிரீனில் எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.