பிளாஸ்டிக் இல்லாத மட்டி: கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பெல்ஜியத்தில் வசிக்கிறோம், இங்கே மூல் எனப்படும் கருநீல மட்டியை அடிக்கடி வாங்குவோம். தொட்டியில் வைத்துச் சுத்திகரித்ததால் பிளாஸ்டிக் துகளே இல்லை என்று சொல்லி ஒரு கடையில் கூடுதல் விலை கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மட்டி நன்றாக இருந்தால் வாங்குங்கள்; அந்த உறுதிமொழிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மட்டியும் ஆளிச்சிப்பியும் கடல்நீரைச் செவுள்களால் ஓயாமல் வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளை உண்டு வாழ்பவை. வேண்டாத துகள்களில் ஒரு பகுதியைச் சளியில் சுற்றி வெளியே தள்ளிவிட்டாலும், பாசியின் அளவையொத்த பிளாஸ்டிக் துகள்கள் குடலுக்குள் போய்விடுகின்றன. மீனைப் போலக் குடலை நீக்கிச் சமைக்காமல் மட்டியை முழுதாக உண்பதால்தான் இந்த ஐயம் எழுகிறது.

நீங்கள் வசிக்கும் நாட்டிலுள்ள கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வடகடலில் வளர்ந்த மட்டியின் ஒரு கிராம் சதையில் சராசரியாக 0.36 துகள் இருந்தது. தூய நீரில் மூன்று நாள் வைத்த பின்னும் 0.24 எஞ்சியது. சுத்திகரிப்புத் தொட்டிகள் முக்கியமாகக் கிருமிகளைக் குறைப்பதற்காக அமைந்தவை. உணவிலுள்ள நுண்பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரம்பே இல்லாதபோது, அந்தக் கடை எதை அளந்து சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

உண்பவரைவிட உண்ணப்படும் உயிருக்கே பாதிப்பு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பிரான்சின் இஃப்ரமேர் கடலாய்வு நிறுவனத்தார் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வில், பாலிஸ்டைரீன் நுண்மணிகள் கலந்த நீரில் இரண்டு மாதம் இருந்த பசிபிக் ஆளிச்சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 விழுக்காடும் விந்தணுக்களின் வேகம் 23 விழுக்காடும் குறைந்தன. அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் வளர்ச்சியும் பின்தங்கியது. இனப்பெருக்கத்துக்கான ஆற்றல் வேறு தேவைகளுக்குத் திரும்பிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இது ஆய்வுக்கூடத் தொட்டியின் கணக்கு. திறந்த கடலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

உங்கள் தட்டைப் பொறுத்தவரை, 225 கிராம் மட்டியில் சுமார் 7 மைக்ரோகிராம் பிளாஸ்டிக் இருக்கலாம் என 2016இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. மட்டியிலிருந்து உடலுக்குள் போவதைவிட, சாப்பிடும் வேளையில் வீட்டுத் தூசியிலிருந்து தட்டில் விழும் இழைகளே மிக அதிகம் என்று 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வொன்று காட்டியது. ஆகவே கடையில் பார்க்க வேண்டியவை பழையவைதாம்: பொதியின் அட்டையில் விளைந்த இடமும் பொதியிட்ட நாளும் இருக்க வேண்டும், திறந்திருக்கும் ஓடு தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும், மூடாததை ஒதுக்கிவிடுங்கள்.