‘அகாடமிக் ரைட்டர்’ வேலைக்குச் சேரலாமா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு மதுரையில் வேலை தேடுகிறேன். ‘அகாடமிக் ரைட்டர்’ வேலைக்கு ஒரு நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மாணவர்களின் அசைன்மென்ட்டை எழுதித் தர வேண்டும். தினம் 2,000 சொற்கள், மாதம் 22,000 ரூபாய், ஒரு வருட ஒப்பந்தம். ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள். சோதனைக்காக ஒரு நர்சிங் கட்டுரை எழுதிக் கொடுத்தேன், தேர்வாகிவிட்டேன். சேரலாமா? சட்டப்படி தப்பா?

பதில்: சேர வேண்டாம். காரணத்தை அந்த நர்சிங் கட்டுரையிலிருந்தே சொல்கிறேன். பெரும்பாலும் கிப்ஸ் சுழற்சிப்படி, அதாவது தன் அனுபவத்தைப் படிப்படியாகத் திரும்பிப் பார்க்கும் முறையில், எழுதச் சொல்லியிருப்பார்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது சரியாகப் போனது, எது தவறியது, அடுத்த முறை என்ன செய்வாய். வார்டில் நின்ற மாணவி தன் கண்ணெதிரே ஒரு முதியவர் கட்டிலிலிருந்து விழுந்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கட்டுரையே. வார்டுப் பக்கமே போகாத நீங்கள் ‘அவர் கையைப் பிடித்தபோது எனக்குப் பதறியது’ என்று எழுதிக் கொடுத்தால், அவள் யோசிக்காமலே யோசித்ததாக மதிப்பெண் விழும். நாளைக்கு ஊசி போடப் போகிறவள் அவள்தான்.

‘நாங்கள் மாதிரிதான் தருகிறோம்’ என்று நிறுவனம் சொல்லும். மாதிரி என்றால் அட்டையில் மாணவியின் பதிவு எண் எதற்கு?

சட்டத்துக்கு வருவோம். பணம் வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு எழுதித் தருவதை ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் குற்றமாக்கிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இதையே குறிவைத்த சட்டம் இந்தியாவில் இல்லை, அங்கிருந்து யாரும் மதுரைக்கு வந்து உங்களைப் பிடிக்கவும் போவதில்லை. ஆனால் கொஞ்ச நாள் போனதும் மாணவரின் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொடுத்து ‘உள்ளே போய் ஆன்லைன் தேர்வை முடித்துவிடு’ என்று கேட்பார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். லாகின் ஆனது உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து என்பதை மறக்காதீர்கள்.

இதிலிருந்து வெளியே வந்தவர்கள் என்னிடம் சொல்வது அதிகமும் பணத்தைப் பற்றித்தான். மாணவருக்கு மதிப்பெண் குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம், ராத்திரி பதினொரு மணிக்கு வரும் ‘ரிவிஷன்’ காலைக்குள் முடிய வேண்டும், அதற்குத் தனிக் காசு கிடையாது, டார்கெட் முடியவில்லையென்றால் ஒப்பந்தத்தைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டல். இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போனால், எழுதியதில் ஒரு பக்கத்தைக்கூட ‘இது என்னுடையது’ என்று எடுத்துக் காட்ட முடியாது. நன்றாக எழுதத் தெரிந்த பெண்ணுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

‘இங்கே எல்லாரும் செய்கிறார்கள்’ என்றும் தோன்றும். நம் ஊரில் பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து ஃபைனல் இயர் பிராஜெக்ட் வாங்குவது பழகிப்போன விஷயம்தான். ஆனால் ஆய்வேடு சமர்ப்பிப்பவர் ‘இது நானே தயாரித்தது’ என்று எழுதித் தர வேண்டும் என்கிறது யுஜிசியின் 2018 விதிமுறை. எழுதிக் கொடுப்பவர் அந்தப் பொய்யில் பாதியைச் சுமக்கிறார்.

உங்கள் ஆங்கிலத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஆய்வு மாணவர் தானே எழுதியதில் இலக்கணம் பார்ப்பது, பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது, மொழிபெயர்ப்பு, டியூஷன். முதல் சில மாதம் 22,000 வராது, அதை மறைக்கவில்லை. யோசனையும் வாதமும் மாணவருடையதாக இருக்கும்வரை நீங்கள் செய்வது உதவி. அந்தக் கோட்டைத் தாண்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சர்டிபிகேட்டை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், சேரப் போவதில்லை என்று சொல்வதற்கு முன்னால், பேங்க் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றோ வேறு எதையாவது சொல்லியோ முதலில் அதை வாங்கிவிடுங்கள். அப்புறம் ஒரு வரி மெயில் போதும்.