ஸ்பிரெயின், ஸ்டிரெயின், டியர்: விளையாட்டுக் காயங்களுக்கு மருத்துவர் எழுதும் சொற்களுக்கு என்ன பொருள்?

கால்பந்து ஆடும்போது கணுக்கால் மடங்கியதாகவும், மருத்துவரின் சீட்டில் ‘கிரேடு 2 ஸ்பிரெயின்’ என்றும் ஸ்கேன் அறிக்கையில் ‘பார்ஷியல் டியர்’ என்றும் இருப்பதாகவும் எழுதி, இவை இரண்டு காயங்களா, இது போன்ற மற்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே காயம்தான். நான் மருத்துவன் அல்லன். பல ஆண்டுகள் கைப்பந்து ஆடியவன், அடிபட்ட சக ஆட்டக்காரர்களின் சீட்டுகளைப் படித்துப் படித்து இந்தச் சொற்களோடு பழகியவன். என் அனுபவத்தில் ஒவ்வொரு சொல்லும் எந்தத் திசுவில் காயம், எவ்வளவு காயம், அது திடீரென்று நேர்ந்ததா நாளடைவில் வந்ததா என்ற மூன்றில் ஒன்றையாவது சொல்லிவிடுகிறது. நாம் எல்லாவற்றையும் ‘சுளுக்கு’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

உங்களுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்தது. வலையருகே எம்பிக் குதித்து இறங்கும்போது இன்னொருவரின் காலின் மேல் மிதித்து, பாதம் உட்புறமாக மடங்கியது. மருத்துவர் வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தினார்; பிறகு ஒரு கையால் கீழ்க்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குதிகாலை முன்பக்கமாக இழுத்தார். நல்ல காலையும் அவ்வாறே இழுத்துக் காட்டி, “இதைவிட அது கூடுதலாக நகர்கிறது, தெரிகிறதா?” என்று கேட்டுவிட்டு, ‘கிரேடு 2 ஸ்பிரெயின்’ என்று எழுதினார். நான் அதைச் சுளுக்கு என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன். சுளுக்கு என்றால் நீவிவிட்டால் போய்விடும் என்பதுதானே நாம் அறிந்தது? வீக்கம் வடிந்த பத்தாம் நாள் ஆடுகளத்துக்குப் போனேன். மூன்றாவது குதிப்பிலேயே அதே கால் மறுபடியும் மடங்கியது.

ஸ்பிரெயின் என்பது லிகமென்டில் ஏற்படும் காயம். எலும்பை எலும்போடு பிணைத்து மூட்டை நிலையாக நிறுத்தும் உறுதியான பட்டைதான் லிகமென்ட். கணுக்கால் உட்புறமாக மடங்கும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது, வெளிக்கணு எலும்பிலிருந்து பாதத்தின் மேலெலும்புக்குச் செல்லும் முன்புற லிகமென்ட். சீட்டில் அதை ஏ.டி.எஃப்.எல். என்று எழுதுவார்கள். நார்கள் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் மட்டும் கிழிந்திருந்தால் கிரேடு 1. ஒரு பகுதி கிழிந்திருந்தால் கிரேடு 2. முழுவதும் அறுந்திருந்தால் கிரேடு 3. ‘பார்ஷியல் டியர்’ என்றால் பகுதிக் கிழிசல். ஆகவே உங்கள் சீட்டு தரத்தையும் அறிக்கை கிழிசலையும் சொல்கின்றன, அவ்வளவுதான். கிரேடு 3-இல் லிகமென்ட் முழுவதும் அறுந்த பிறகு, இழுத்துப் பார்க்கும்போது வலி சில சமயம் கிரேடு 2-ஐவிடக் குறைவாகவே இருக்கும் என்பதால், வலியை மட்டும் வைத்துத் தரத்தை ஊகிப்பது சரிப்படாது.

ஒலியில் இதற்கு மிக அருகில் இருக்கும் ஸ்டிரெயின், தசையிலோ தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனிலோ ஏற்படுவது. லிகமென்டைத் தசைநார் என்றும் டெண்டனைத் தசைநாண் என்றும் தமிழில் எழுதும் வழக்கம் உண்டு. கடைசி எழுத்து ஒன்றே மாறுபடும் இந்தச் சொற்கள், ஏற்கெனவே குழம்பியிருப்பவரை மேலும் குழப்புவதால் நான் பேச்சில் தவிர்த்துவிடுகிறேன். விளையாட்டுச் செய்திகளில் ஒரு வீரர் ‘தொடைத் தசைப்பிடிப்பால்’ பல வாரங்கள் விலகினார் என்று எழுதுவதும் எனக்கு உடன்பாடில்லை. பிடிப்பு என்பது கிராம்ப். தசை தானாக இறுகி, நீட்டிவிட்டால் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். வாரக்கணக்கில் ஒருவரை உட்கார வைப்பது தொடையின் பின்பக்கத்தில் உள்ள ஹாம்ஸ்டிரிங் தசைகளில் ஏற்பட்ட ஸ்டிரெயின், அதாவது கிழிசல். ஸ்டிரெயினுக்கும் அதே மூன்று தரங்கள்தாம்.

‘டியர்’ என்ற சொல்லைக் கண்டதும் எல்லாரும் அஞ்சுவது முழங்காலில்தான். முழங்காலின் உள்ளே இரண்டு லிகமென்ட்கள் சிலுவைபோல் குறுக்காகச் செல்வதால் அவற்றுக்குச் சிலுவையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து குரூசியேட் என்ற பெயர் வந்தது; அவற்றில் முன்னால் இருப்பது ஏ.சி.எல். எவரும் மோதாமலேயே, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போது அது அறுந்துவிடலாம். ‘பட்’ என்று ஏதோ தெறித்ததுபோல் இருந்தது என்பார்கள், உள்ளே ரத்தம் கசிவதால் சில மணி நேரத்துக்குள் மூட்டு வீங்கிவிடும். மெனிஸ்கஸ் என்பது கிரேக்கத்தில் பிறையைக் குறிக்கும் சொல். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை அது. அது மட்டும் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மெதுவாக, மறுநாள்தான் தெரியும். நடுவயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் மெனிஸ்கஸ் கிழிசல் தென்படுவது சாதாரணம் என்பதால், அறிக்கையில் அந்தச் சொல் இருப்பதாலேயே அறுவை சிகிச்சை தேவை என்று முடிவுகட்ட வேண்டாம்.

‘ஐடிஸ்’ என்று முடியும் சொற்கள் அழற்சியைக் குறிப்பவை. டெண்டினைடிஸ் என்றால் டெண்டனின் அழற்சி. ஆனால் நாள்பட வலிக்கும் டெண்டனை நுண்ணோக்கியில் பார்த்தால், அழற்சிச் செல்களைக் காட்டிலும் வரிசை குலைந்த கொலாஜன் என்ற புரத இழைகளே மிகுதியாகத் தெரிகின்றன. இதைச் சுட்டிக்காட்டி 1998-இல் நிக்கோலா மஃபுல்லியும் உடன் எழுதிய மருத்துவர்களும் டெண்டினோபதி என்ற பொதுச்சொல்லைப் பரிந்துரைத்தார்கள். இது வெறும் பெயர்ச் சண்டையன்று. அழற்சி என்று நினைப்பவர் மாத்திரையும் ஓய்வும் போதும் என்று இருந்துவிடுவார். டெண்டினோபதிக்கோ டெண்டன் தாங்கும் பளுவைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சிதான் முதன்மையான சிகிச்சை. டென்னிஸ் எல்போ இந்த வகைதான். முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் அந்த வலி, டென்னிஸ் மட்டையைத் தொட்டே இராதவர்களுக்கும் தாராளமாக வருகிறது.

“எலும்பு உடையவில்லையாம், ஃபிராக்சர்தானாம்” என்று நிம்மதியோடு சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஃபிராக்சர், முறிவு, உடைவு, விரிசல் எல்லாம் மருத்துவத்தில் ஒன்றே. ஹேர்லைன் ஃபிராக்சர் என்பது மயிரிழை போன்ற முறிவு, அதுவும் முறிவுதான். ஓட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஸ்டிரெஸ் ஃபிராக்சர். ஒரே அடியில் வராமல், ஆயிரக்கணக்கான அடிகளின் பளுவால் மெல்ல உருவாவது. கீழ்க்காலின் முன்பக்க எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ். ஒரு விரல் நுனியால் ‘இதோ இங்கே’ என்று தொட்டுக்காட்ட முடிந்தால் ஸ்டிரெஸ் ஃபிராக்சரைச் சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம்.

தோள் மூட்டு முழுவதும் கழன்றால் டிஸ்லொகேஷன், பாதி நழுவித் தானே திரும்பினால் சப்லக்சேஷன். கன்கஷன் என்பது மூளை அதிர்வு. நினைவு தப்பாமலும் நேரலாம், சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் நேர்ந்திருக்கலாம். ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தாலே அன்றைக்கு மீண்டும் ஆடக்கூடாது.

சீட்டிலுள்ள சுருக்கெழுத்துகளையும் சேர்த்துப் படியுங்கள். ‘ஆர்/ஓ ஃபிராக்சர்’ என்றால் முறிவு இருக்கிறது என்பதல்ல, முறிவு இல்லை என்று சோதித்து உறுதிசெய்யுங்கள் என்பது. ‘என்.டபிள்யூ.பி.’ என்றால் அந்தக் காலைச் சற்றும் ஊன்றக்கூடாது. என் சீட்டின் கடைசி வரியில் ‘டபிள்யூ.பி.ஏ.டி.’ என்று இருந்தது. வலி தாங்கும் அளவுக்குக் காலூன்றலாம் என்பது அதன் பொருள் என்று அறியாமல், மருந்துக்கடைக்கு நொண்டிக்கொண்டே போய் அதைக் கேட்டேன். கடைக்காரர் வெகுநேரம் அலமாரியில் தேடிவிட்டு, “அந்த மாத்திரை இருப்பு இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்றார்.