‘நம்ம ஊருக்கு பூகம்பம் வருமா டீச்சர்?’

கேள்வி: நாங்குநேரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். புவித்தட்டு, நிலநடுக்கம், எரிமலை பாடம் வந்தாலே பிள்ளைகள் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். ‘நம்ம ஊருக்கு பூகம்பம் வருமா டீச்சர்?’ என்பதை மட்டும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். ‘அபிஷேகப்பட்டில எரிமலை வந்துச்சுன்னு தாத்தா சொன்னாங்க’ என்கிறான் ஒரு பையன். ஜப்பானையும் இந்தோனேசியாவையும் இவர்கள் மனதில் எப்படிப் பதிய வைப்பது?

பதில்: அன்புள்ள டீச்சர், ஜப்பான் கொஞ்சம் காத்திருக்கட்டும். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று பிள்ளைகளே காட்டிவிட்டார்கள். ‘பெரிய பூகம்பமெல்லாம் ஏன் இங்கே வருவதில்லை?’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். பாடம் மொத்தமும் அதற்குப் பதில்தான்.

முதல் வகுப்புக்கு ஒரு பெரிய உலக வரைபடம் போதும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் உலக நிலநடுக்கங்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த ஒரு மாதத்தில் 4.5 அளவுக்கு மேல் பதிவானவற்றை அட்சரேகை, தீர்க்கரேகையோடு துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவராக வந்து சிவப்புப் புள்ளி வைக்கட்டும். கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். புவித்தட்டு, அதாவது பூமியின் மேல்பகுதியாக மெல்ல நகரும் பெரிய பாறைப் பாளம், அதன் எல்லை எது என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளைகளே விரலால் இழுத்துக் காட்டுவார்கள். அப்புறம் திருநெல்வேலியைத் தேடச் சொல்லுங்கள். கிழக்கே கடல் தாண்டி அந்தமான், சுமத்ரா வரை போனால்தான் புள்ளிகள் நெருங்கும். தட்டு கடற்கரையோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. கடலடித் தரையும் இந்தியத் தட்டில் சேர்த்திதான் என்பது இங்கே விளங்கிவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமி கிளம்பியது அந்த சுமத்ரா வரிசையில்தான். நம் நேரப்படி காலை 6.29க்கு 9.1 அளவில் நிலம் நடுங்கி, கடலடி மேலே எகிறியது. ஆழ்கடலில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடியும், தமிழகக் கரையைத் தொட அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உவரி, இடிந்தகரை பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கும் பிள்ளைகள், அன்று கடல் முதலில் உள்வாங்கியதா ஏறி வந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். கூடவே 2012 ஏப்ரல் 11ஐயும் சொல்லுங்கள். அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம், ஆனால் பெரிய அலை வரவில்லை. அந்த முறை பாறை பக்கவாட்டில் நழுவியதுதான் முக்கியக் காரணம்.

அடுத்த வகுப்பை மைதானத்தில் வையுங்கள். ஒரு முனையில் நிலநடுக்க மையம். நிலநடுக்கத்தில் கிளம்பும் இரண்டு வகை அதிர்வலைகளாக இரண்டு பிள்ளைகள் அங்கிருந்து ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும்: முதன்மை அலை விறுவிறுவென்று, இரண்டாம் அலை மெதுவாக, வேகம் மாறாமல். பத்து, இருபது, நாற்பது தப்படி தூரத்தில் மூன்று பேர் கடிகாரத்தோடு நிற்கட்டும். அவர்கள்தான் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள். இருவரும் தங்களைக் கடக்கும் நேர இடைவெளியைக் குறிக்க வேண்டும். நாற்பதில் நிற்பவளுக்கு, பத்தில் நிற்பவளைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இடைவெளி கிடைக்கும். உண்மையான நிலநடுக்கத்தில் இந்த இடைவெளி நொடிகளை எட்டால் பெருக்கினால் தூரம் சுமாராகக் கிலோமீட்டரில் வந்துவிடும். வகுப்புக்குத் திரும்பி, மூன்று ஊர்களுக்குத் தூரம் கொடுத்து, கவராயத்தால் வட்டம் போடச் சொல்லுங்கள். மூன்றும் வெட்டும் இடம்தான் மையம். இதைச் செய்த பிள்ளைக்கு மையம் கண்டுபிடிப்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

படம் வரையும்போது ஒன்றில் கவனம் வேண்டும். தட்டுகளுக்குக் கீழே சிவப்புக் குழம்பு தளதளவென்று கொதிப்பது போல வரைந்துவிடுகிறோம். தட்டுகளுக்குக் கீழே இருக்கும் அந்த அடுக்கு, அதாவது கவசம், திடப் பாறைதான். திரவத்தில் போகாத இரண்டாம் அலை அதில் போகிறது என்பதே சாட்சி. திடப்பொருள் எப்படி நகரும் என்று கேட்பார்கள். ரோடு போடும் இடத்தில் ஒரு கட்டித் தார் வாங்கி ஓட்டின் மேல் வைத்துவிடுங்கள். கையில் எடுத்தால் கட்டிதான், சில நாளில் தானே பரந்து கிடக்கும். கவசமும் அப்படித்தான், ஆனால் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது? உரசல் சூட்டில் தட்டு உருகுகிறது என்று சொல்லிவிட வேண்டாம். அந்தமான் பக்கம் உள்ளே இறங்கும் தட்டு தண்ணீரையும் கொண்டுபோகிறது. தண்ணீர் சேர்ந்தால் மேலேயுள்ள கவசப் பாறை உருகும் வெப்பநிலை குறைந்து, ஒரு பகுதி உருகி மேலே ஏறுகிறது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991ல் மறுபடி வெடித்த பாரன் தீவு எரிமலை அப்படி வந்ததுதான்.

அபிஷேகப்பட்டி பையனை அடக்கிவிடாதீர்கள். தாத்தா கதை விடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே மின்கம்பத்தை ஒட்டிப் பாறை உருகி வெளியே வந்தது. மின்கசிவு என்றார்கள் ஒரு சாரார், பூமிக்குள் இருக்கும் பிளவு என்றார்கள் இன்னொரு சாரார். நான் மின்சாரத்தின் பக்கம். மின்னல் விழுந்த மணலே உருகிக் கண்ணாடியாகிறதே. எரிமலை என்றால் வேறு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுப்பையே பட்டியல் போடச் சொல்லுங்கள். நல்ல அறிவியல் வகுப்பு அது.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். நம் பக்கத்துக் குவாரி ஜல்லியில் தேடினால் சிவப்புப் பொட்டு வைத்த கல் அகப்படும். அந்தப் பொட்டு கார்னெட் என்ற கனிமம். கடற்கரையில் சிவப்பாக ஒதுங்கும் மணலிலும் அதுதான் இருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானபோது, இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் விளைந்த கல் அது. இன்றைக்கு இமயத்தில் நடப்பது அன்றைக்கு இங்கே நடந்தது. மேலே நின்ற மலை கரைந்துபோய், அதன் வேர்தான் நம் காலடியில் இருக்கிறது. பிறகு சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்துபோனது. தட்டின் ஓரங்கள் நம்மை விட்டு விலகிவிட்டன. கல்லைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள்.

இனி, வருமா என்ற கேள்வி. வரவே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தட்டின் நடுவிலும் பழைய பிளவுகள் எப்போதாவது அசையும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிராவின் லாத்தூரில் வந்தது 6.2தான், ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய கனமான கல்சுவர்கள் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. அதனால் வீட்டுப்பாடமாக ஒன்று கொடுங்கள்: அவரவர் வீட்டில் லிண்டல் கான்கிரீட் நான்கு சுவரையும் சுற்றி ஓடுகிறதா, கதவு ஜன்னலுக்கு மேல் மட்டும் நிற்கிறதா என்று பார்த்து, படம் வரைந்து வரட்டும். சுற்றி ஓடினால்தான் அது சுவர்களை ஒன்றாகப் பிடித்து நிறுத்தும்.