ரத்தப் பரிசோதனையில் ஏஎல்பி, ஜிஜிடி என்ற நொதிகள் இரண்டும் அதிகமாக இருந்தால் கல்லீரல் மட்டும்தானா, எலும்பிலும் நோய் இருக்கலாமா?

இருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு ஏஎல்பியோடு ஜிஜிடியும் ஏறியிருக்கிறது, அதனால் இடுப்பு வலிக்காக எலும்பைத் தனியாகப் பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 'அதனால்'தான் இடிக்கிறது. ஏஎல்பி கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். ஜிஜிடி எலும்பிலிருந்து வராது. ஆக ஜிஜிடி ஏறினால் கல்லீரல், பித்தநாளம் பக்கம் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், எலும்பு நன்றாக இருக்கிறது என்று அதிலிருந்து எப்படிச் சொல்ல முடியும்?

என் சித்திக்கு பிரைமரி பிலியரி கோலங்கைட்டிஸ், அதாவது கல்லீரலுக்குள் இருக்கும் சின்னப் பித்தநாளங்கள் மெல்ல அழிந்து பித்தம் சரியாக வடியாமல் போகும் நோய். ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும், இந்த நோயைக் காட்டும் ஏஎம்ஏ என்ற ரத்த டெஸ்டும் பாசிட்டிவ், அதனால் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. இந்த நோய்க்கான அர்சோ மாத்திரை தொடங்கியதும் ஜிஜிடி நன்றாக இறங்கியது, ஏஎல்பி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. மருந்து போதவில்லை என்றே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதற்கிடையே சித்தி தரையிலிருந்து எழுந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுவார், நடையும் பக்கவாட்டில் ஆடி ஆடி வாத்து நடையாகிவிட்டது. வேறொரு மருத்துவர் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், சித்தி துடித்துவிட்டார். அப்புறம் பார்த்தால் விட்டமின் டி அடிமட்டத்தில், பாஸ்பரஸ் குறைவு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பிடிஎச் ஹார்மோன் அதிகம், எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் கழுத்தில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு. ஆஸ்டியோமலேசியா, அதாவது தாதுச்சத்து சரியாகப் படியாமல் எலும்பு மென்மையாகிவிடும் நோய்.

காரணம் எளிதுதான். விட்டமின் டி கொழுப்பில் கரைவது, குடலுக்குப் போதுமான பித்தம் வராவிட்டால் அது உடம்பில் சேராது. ஆனால் இந்த நோயில் ஆஸ்டியோமலேசியாவைவிட எலும்பு மெலிவு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ்தான் அதிகம், அதில் ஏஎல்பி பெரும்பாலும் ஏறவே ஏறாது. அதனால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் வேண்டும், டெக்ஸா மட்டும் போதாது, இந்த இரண்டு எலும்பு நோயிலும் அடர்த்தி குறைவாகத்தான் காட்டும். விட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், பிடிஎச் எல்லாம் சேர்த்துக் கேளுங்கள், கூடவே எலும்புக்கான ஏஎல்பியைத் தனியாகப் பார்க்கும் டெஸ்ட் உங்கள் ஊர் லேபில் உண்டா என்றும் விசாரியுங்கள். கால்சியம் குறைவாக வந்தால் ஆல்புமினையும் பாருங்கள், ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்ததுபோலத் தெரியும். பித்தநாளப் பக்கம் ஏஎம்ஏ நெகட்டிவ் என்றால் பித்தநாளங்களைப் படம்பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், பெரிய நாளங்களில் சுருக்கம் இருக்கிறதா என்று அதில் தெரியும்.

எலும்பு மெலிவு என்று அவசரப்பட்டு ஊசி போட்டுவிடாதீர்கள். விட்டமின் டியைச் சரிசெய்யாமல் அந்த மருந்துகளைக் கொடுத்தால் கால்சியம் சட்டென்று விழும்.

இன்னொன்று, அரிப்புக்கு கொலஸ்டிரமின் பொடி குடிக்கிறாரா? அது மற்ற மாத்திரைகளையும் விட்டமின்களையும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அர்சோவுக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், விட்டமின் டியை எப்போது கொடுப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.